மூன்றாவது கழுவல்

1. பாயும் பொத்தானும்

முனுசாமியின் பாட்டில்களில் வைரஸ் வளர்ந்தது. வசந்தாவின் பாட்டில்களில் வளரவில்லை. இருவருக்கும் ஒரே செல், ஒரே வைரஸ், ஒரே மீடியம், ஒரே இன்குபேட்டர். மூன்று வாரமாக இதே முடிவு. மூன்றாவது வாரத்துத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. மண்ணூர்பேட்டையில், கோழிகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் முக்கியச் சரக்கு ராணிக்கெட் மருந்து. கோழி வளர்ப்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய்க்கானது. நோயை உண்டாக்காத சாதுவான ரக வைரஸைக் கருவுள்ள முட்டைக்குள் செலுத்தி, நான்கைந்து நாள் கழித்து உள்ளே இருக்கும் திரவத்தை எடுப்போம். மருந்துக்கு மூலப்பொருள் அதுதான்.

என் வேலை டைட்டர் பார்ப்பது. அதாவது, ஒரு திரவத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளப்பது. குழிகள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் தட்டில் திரவத்தை ஊற்றி, குழிக்குக் குழி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் கோழி இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சேர்ப்போம். வைரஸ் போதுமான அளவு இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குழியின் அடியில் பாய் விரித்ததுபோல் பரவும். இல்லாவிட்டால் நடுவில் சிவப்புப் பொத்தானாக உட்காரும். எத்தனையாவது குழி வரை பாய் என்பதுதான் கணக்கு. முனுசாமிக்கு எட்டாவது குழி வரை பாய். வசந்தாவுக்கு இரண்டாவது குழியோடு சரி.

முட்டையை விட்டுவிட்டுப் பாட்டிலுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் மேனேஜரின் திட்டம். அவர் கால்நடை மருத்துவம் படித்தவர். எல்லோருக்கும் அவர் 'டாக்டர்' மட்டும்தான். கோடையில் பண்ணையிலிருந்து வரும் முட்டைகளில் பாதிக்குமேல் கரு செத்துப்போய் வந்தது. ஆகவே, கோழிக் கருவை நறுக்கி, அதன் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, தட்டையான கண்ணாடி பாட்டில்களில் வளர்த்து, அவற்றில் வைரஸை ஏற்றிப் பார்க்கலாம் என்றார்.

செல்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற என்சைம் பயன்படும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் புரதத்தை அது அறுத்துவிடும். பிரித்த செல்களுக்குக் கன்றுக்குட்டி இரத்தத்தின் தெளிநீரான சீரம் கலந்த மீடியத்தை, அதாவது ஊட்டத் திரவத்தை, ஊற்றினால் இரண்டு நாளில் கண்ணாடியின் மேல் ஒரு படலமாகப் பரவும். அதை ஷீட் என்போம். பிறகு பழைய மீடியத்தைக் கொட்டி, சலைன் என்ற உப்புநீரால் மூன்று முறை கழுவ வேண்டும். டாக்டர் ஒவ்வொரு பாட்டிலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து அனுமதித்த பின் வைரஸ் விட்டு, சீரம் இல்லாத மீடியத்தை ஊற்றி மூடவேண்டும். கன்றுக்குட்டிப் புரதம் மருந்தில் கலக்கக்கூடாது என்பதில் டாக்டர் கறாராக இருந்தார்.

செல் ரூமில் இரண்டே பேர். வசந்தா ஆவடியிலிருந்து வருபவள், பி.எஸ்சி. படித்தவள், எதையும் எழுதியுள்ளபடி செய்வாள். முனுசாமி உள்ளூர்க்காரன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரோ பிளேட்டிங் பட்டறையில் இருந்துவிட்டு, பாட்டில் கழுவும் வேலைக்கு வந்து, கையின் நேர்த்தியைப் பார்த்து செல் ரூமுக்கு மாற்றப்பட்டவன். ஆறு வருடமாக தினக்கூலி. அவனை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் டாக்டர் மேசைக்கு வந்திருந்தது.

தட்டைப் பார்க்க இருவரும் வந்தார்கள்.

"பாத்தியாக்கா, நம்ம கைல லக்கு கீது" என்றான் முனுசாமி. "வசந்தாவ ஒரு தபா என் பாட்டில தொட்டுக் கும்பிடச் சொல்லு."

"கற்பூரம் காட்டினா போதுமா, தேங்காயே ஒடைக்கணுமா?" என்றாள் வசந்தா. சொன்னாளே தவிர, முகம் வாடித்தான் இருந்தது. தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

2. பக்கத்தில் நின்றால் வளராது

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிரேஸ், ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். அடுத்த வாரம் நானே பக்கத்துல நிக்கிறேன்."

நின்றார். முனுசாமி ஒவ்வொரு அடியாகச் செய்தான். கொட்டினான், சலைன் ஊற்றினான், ஆட்டினான், கொட்டினான். இப்படி மூன்று முறை. டாக்டர் அவனுடைய நான்கு பாட்டில்களில் இரண்டை "ஷீட் அழுக்கா இருக்கு" என்று ஒதுக்கினார். மீதி இரண்டில் வைரஸ் விட்டார்கள். மூன்றாம் நாள் நான் தட்டு போட்டேன். இரண்டாவது குழியோடு பாய் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் டாக்டர் நிற்கவில்லை. மைக்ராஸ்கோப் பார்க்க மட்டும் வந்து போனார். எட்டுக் குழி.

அதற்கடுத்த வாரம் என்னை நிற்கச் சொன்னார். நின்றேன். இரண்டு குழி.

"நாம நின்னா வளராது, நவுந்தா வளருது. வைரஸுக்கு வெக்கமாய்யா?" என்று டாக்டர் முனுசாமியையே கேட்டார்.

"நீங்க பக்கத்துல நின்னா கை ஓடல சார்."

"கை நல்லாத்தான் ஓடுச்சு. நான் பாத்தேன்."

முனுசாமி பாட்டில்களை எடுத்துக்கொண்டு செல் ரூமுக்குப் போய்விட்டான்.

செல் ரூமுக்கு அடுத்த அறை முட்டை அறை. அங்கே ஃபிரிட்ஜில் முட்டையிலிருந்து எடுத்த திரவம் எப்போதும் இருக்கும். பத்துக் குழி தாண்டும் சரக்கு அது. அதிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துப் பாட்டிலில் ஊற்றினால் எட்டுக் குழி காட்டிவிடும். நிரந்தரமாக்கும் நேரத்தில் நல்ல பெயர் வாங்க ஒருவன் இதைச் செய்யலாம். டாக்டர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீங்க பாத்தத எழுதிக் குடுங்க" என்று என்னிடம் கேட்டார்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தேதி, பாட்டில் எண், யார் நின்றார்கள், எத்தனை குழி. கடைசியில் ஒரு வாக்கியம்: "கண்காணிப்பு இல்லாதபோது மட்டும் டைட்டர் உயர்வதால், முட்டைத் திரவம் கலக்கப்பட்டிருக்கலாம் எனக் கருதுகிறேன்." அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பார்த்ததை எழுதச் சொன்னார்கள். நினைத்ததையும் சேர்த்து எழுதினேன்.

டாக்டர் படித்துவிட்டு, "திங்கக்கிழமை ஆபீஸுக்கு அனுப்பிடுறேன்" என்றார். அனுப்பினால் முனுசாமிக்கு நிரந்தரமும் இல்லை, தினக்கூலியும் இல்லை. மருந்துக் கம்பெனியில் கலப்படம் செய்தவன் என்று பெயர் வந்தால் அந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்காது.

3. ஃபிரிட்ஜில் இருந்த குப்பிகள்

அது வெள்ளிக்கிழமை. ரிப்போர்ட்டில் ஒரு ஓட்டை இருப்பதாக எனக்குப் பட்டது. எந்தக் கட்டத்தில் கலந்தான் என்று நான் எழுதவில்லை. அதையும் சேர்த்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. இப்படி நினைத்துத்தான் சனிக்கிழமை காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவனைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு அப்போது துளியும் இல்லை.

ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் தினம் ஒரு மில்லி எடுத்துக் குப்பியில் வைப்பது எங்கள் வழக்கம். மீடியம் ஊற்றியவுடன் ஒன்று, பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒன்று. கடைசி நாள் குப்பிக்கு மட்டும்தான் தட்டு போடுவோம். மற்றவை சும்மா இருக்கும், மாதக் கடைசியில் நீராவியில் கிருமி அழிக்க ஆட்டோகிளேவுக்குப் போகும். இன்குபேட்டர் அறையின் சாவி என்னிடம் இருந்தது. மீடியம் ஊற்றி பாட்டிலை உள்ளே வைத்த பிறகு நான் மட்டும்தான் அதைத் தொடுவேன். ஆகவே முனுசாமி கலந்திருந்தால், உள்ளே வைப்பதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும். முதல் குப்பியே எட்டுக் குழி காட்ட வேண்டும்.

டாக்டர் நிற்காத வாரத்து முனுசாமி பாட்டிலின் குப்பிகளைப் போட்டேன். முதல் குப்பியில் எல்லாக் குழியிலும் பொத்தான். பாய் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் குப்பி இரண்டு குழி. அதற்கடுத்தது ஐந்து. கடைசி எட்டு.

இரண்டாவது முறை போட்டேன். அதே எண்கள். ஊற்றியது என்றால் ஒரே தாவலாக வந்திருக்கும். இது நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது. வைரஸ் நிஜமாகவே வளர்ந்திருக்கிறது. வசந்தாவின் குப்பிகளையும் போட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை, அடுத்த நாள் இரண்டு, பிறகும் இரண்டு, கடைசிவரை இரண்டு. அவளுடைய பாட்டிலிலும் வைரஸ் ஒரு சுற்று வளர்ந்து அத்தோடு நின்றிருக்கிறது.

என் ரிப்போர்ட் தவறு. ஆனால் டாக்டர் நின்றபோதும் நான் நின்றபோதும் அவனுடைய பாட்டிலும் இரண்டில்தான் நின்றது. அதுவும் நிஜம்.

4. ஆசிட் டிப்

பகல் சாப்பாட்டு நேரத்தில் முனுசாமி ஆட்டோகிளேவுக்குப் பின்னால் குழாயடியில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"என்னப் பத்தி இன்னாவோ எழுதிக் குட்த்தியாமே. வசந்தா சொல்லிச்சு."

"முட்டைத் தண்ணி கலந்தேன்னு எழுதினேன்."

"நீயேவா?"

"நானேதான்."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? பிப்பெட் எண்ணிப் பாக்கவா?"

"தப்பா எழுதிட்டேன் முனுசாமி. பழைய குப்பி எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். நீ கலக்கல. ஆனா வேற ஏதோ பண்ற. டாக்டர் நின்னா பண்றதில்ல, நான் நின்னா பண்றதில்ல. அது என்ன?"

"ஒண்ணும் பண்லக்கா."

"ஒண்ணும் பண்ணலன்னா உன் பாட்டிலும் வசந்தா பாட்டில் மாதிரிதான் இருக்கணும்."

அவன் குழாயை மூடினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சொன்னா சீட்டு கிழிஞ்சிரும்க்கா."

"சொல்லாட்டியும் கிழியும். திருட்டுத்தனம் பண்ணான்னு கிழியும். எது பரவாயில்ல?"

"ஊட்ல வேற சொல்லிட்டேன், இந்த மாசம் பர்மனென்ட்டுன்னு" என்றான். பிறகு சொல்லத் தொடங்கினான்.

"ஷீட்டு அழுக்கா கீதுன்னு வாரா வாரம் ரெண்டு பாட்டில தூக்கிக் கடாசுறாரா இல்லியா டாக்டரு? இன்னா அழுக்கு அது? ரத்தப் பொட்டு, செத்த செல்லு. செல்லு மேல ஒட்டிக்கினு கீது. சலைன் ஊத்தி இன்னா ஆட்டு ஆட்னாலும் போவாது. ரிஜெக்ட் ஆனா யார் பேர்ல எழுதுவாரு? என் பேர்ல. நான் பிளேட்டிங் பட்டறைல இருந்தப்ப, நிக்கல் ஏத்தறதுக்கு மின்னாடி பீஸ லேசான ஆசிட்ல ஒரு முக்கு முக்கி எடுப்போம். ஆசிட் டிப்புன்னுவாங்கோ. துருகிரு எல்லாம் போய் பளிச்சின்னு ஆயிடும். அத்தத்தான் இங்க பண்ணேன்."

"செல்லுக்கு ஆசிட்டா?"

"ஐயே, ஆசிட் இல்லக்கா. டிரிப்சின். செல்லு பிரிச்சப்புறம் ஃபிளாஸ்க் அடியில கொஞ்சம் மிஞ்சும் இல்ல? அத்த ஃபிரிட்ஜில வெச்சிருந்து, நெறைய சலைன் ஊத்தி தண்ணியாக்கி, ஜில்லுன்னு கீறப்பவே மூணாவது தபா சலைனுக்குப் பதிலா ஊத்தி ஒரே சுத்து. ஒடனே கொட்டிடுவேன். கண்ணாடியாட்டம் ஆயிடும். டாக்டரு பாத்து ஓகேன்னுவாரு."

"அதுக்கப்புறம் சலைன்ல கழுவுவியா?"

"கய்வினா ஓரம் உரிஞ்சிக்கினு வந்துரும். அப்டியே வுட்ருவேன். அடியில கொஞ்சம் தங்கும், அதனால இன்னா?"

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஷீட் சுத்தமாக இருந்தது என்பதுதான். தன் பாட்டிலில் வைரஸ் ஏன் வளர்ந்தது என்று அவனுக்கும் தெரியாது. கைராசி என்று அவன் சொன்னது கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தான்.

5. நான்கு பாட்டில்

அன்று பிற்பகலே இருவரும் டாக்டர் அறைக்குப் போனோம். நான் குப்பிகளின் எண்களை வைத்தேன். முனுசாமி தன் கழுவலைச் சொன்னான். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இது மருந்துய்யா, சைக்கிள் ஹேண்டில்பார் இல்ல! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணான்னுவீங்க சார்."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

சொன்னவர் சட்டென்று நின்றுவிட்டார். குரல் இறங்கி, "கொட்டினப்புறம் அடியில எவ்ளோ தங்கும்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் நான்கு பாட்டில் வைத்தோம். வேலை முழுவதையும் வசந்தா செய்தாள். முனுசாமி வெளியே ஸ்டூலில் உட்கார வேண்டும், உள்ளே கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பாட்டில், எழுதியுள்ளபடி மூன்று சலைன் கழுவல். இரண்டாவது, முனுசாமி செய்ததுபோல் மூன்றாவது கழுவல் டிரிப்சினில். மூன்றாவது, அதே டிரிப்சின் கழுவல், ஆனால் மேலே ஊற்றும் மீடியத்தில் சீரம் உண்டு. நான்காவது, சலைன் கழுவல், மீடியத்திலேயே அளந்து கலந்த மிகக் குறைந்த டிரிப்சின்.

தட்டு போடும் அன்று மூவரும் என் பின்னால் நின்றார்கள். சிவப்பணுக்கள் உட்கார முக்கால் மணி நேரம் ஆகும். யாரும் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. இரண்டு, எட்டு, இரண்டு, எட்டு.

"என் பாட்டில்ல எட்டு" என்றாள் வசந்தா, தட்டைத் தொடாமல் விரலால் எண்ணி. பிறகு முனுசாமி பக்கம் திரும்பி, "உன் லக்கு என் கைக்கு வந்துடுச்சுய்யா" என்றாள்.

டாக்டர் கால்நடைக் கல்லூரி நூலகத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்து ஒரு கட்டு ஜெராக்ஸோடு வந்தார். அவர் எங்களுக்குச் சொன்னதன் சுருக்கம் இது.

வைரஸ் தானாக எதையும் செய்துகொள்ள முடியாது. செல்லுக்குள் போய், செல்லின் சாமான்களைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். ராணிக்கெட் வைரஸின் மேலுறையில் ஒரு புரதம் இருக்கிறது. அதை வைத்துத்தான் அது அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. அந்தப் புரதம் முழுசாக இருக்கும்வரை வேலை செய்யாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது வெட்டப்பட வேண்டும். வெட்டும் என்சைம் வைரஸிடம் கிடையாது. அதை விருந்தாளியாகப் போன வீடுதான் தர வேண்டும். முட்டைக்குள் அப்படியொரு என்சைம் இயல்பாகவே இருக்கிறது. பாட்டிலில் நாங்கள் வளர்த்த செல்களிடம் இல்லை. அதனால் வசந்தாவின் பாட்டிலில் வைரஸ் ஒரு சுற்று பெருகி வெளியே வந்தது. வந்தவை வெட்டப்படாமல் வந்ததால் அடுத்த செல்லுக்குள் போக முடியவில்லை. சிவப்பணுக்களைப் பிடிப்பது வேறொரு புரதம் என்பதால் என் தட்டில் மட்டும் இரண்டு குழி காட்டின. முனுசாமி விட்டுவைத்த டிரிப்சின் அந்த வெட்டைப் போட்டது. சீரத்தில் டிரிப்சினைக் கட்டிப்போடும் புரதங்கள் உண்டு. ஆகவே மூன்றாவது பாட்டிலும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். பண்ணையில் கோழிகளைக் கொல்லும் கடுமையான ரகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் புரதத்தை வெட்டும் என்சைம் கோழியின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆகவே அது மூளை வரை பரவுகிறது. எங்கள் மருந்து ரகத்தைத் தொண்டையிலும் குடலிலும் உள்ள என்சைம்தான் வெட்ட முடியும். அதனால் அங்கேயே நின்று, கோழியைக் கொல்லாமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் தருகிறது. எந்தக் குணத்துக்காக அந்த ரகத்தை மருந்துக்குத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே குணம்தான் எங்கள் பாட்டிலில் அதை மடக்கியது.

"அப்ப வைரஸ் சாதுவா, முரடான்னு வைரஸ மட்டும் பாத்துச் சொல்ல முடியாதா சார்?" என்று வசந்தா கேட்டாள்.

"எந்த செல்லுல இருக்குன்னும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

6. இரண்டு காகிதம்

டைப்பிஸ்ட் அந்த வாரம் இரண்டு காகிதம் அடித்தார். ஒன்று, செல் ரூமுக்கான புதிய செயல்முறை. அதில் ஏழாவது அடி: மீடியத்தில் டிரிப்சின் சேர்க்கவும், அளவு இவ்வளவு. மற்றொன்று முனுசாமிக்கு மெமோ. எழுதப்பட்ட செயல்முறைக்கு மாறாக, அனுமதியின்றி டிரிப்சின் பயன்படுத்தியதற்காக.

டாக்டர் இரண்டையும் அவன் முன்னால் வைத்தார்.

"சார், இது இன்னா சார்? இதுல செய்யின்றீங்கோ, அதுல ஏண்டா செஞ்சேன்றீங்கோ."

"ரெண்டும் சரிதான். கையெழுத்து போடு."

"எத்துல மொதல்ல போட்றது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மெமோல. அதுதான் மொதல்ல நடந்தது."

போட்டான். மெமோ இருந்ததால் அந்த மாதப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அடுத்த பட்டியல் வர ஏழு மாதம் ஆனது. அதில் வந்தது. அந்த ஏழு மாதமும் அவன் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மெமோவுக்காக அவனுக்கு என்மேல் கோபம் இல்லை. என் ஒன்றரைப் பக்கத்துக்காகத்தான். அந்தப் பக்கத்துக்காக அவனிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டு, "செரி வுடுக்கா" என்று மட்டும் சொன்னான்.

எங்கள் லேபில் எழுதியதை ரப்பரால் அழிக்கவோ மைபூசி மறைக்கவோ கூடாது. தவறு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கும்படியாகவே இருக்க வேண்டும். ஆபீஸுக்குப் போகாமல் நின்றுபோன என் ரிப்போர்ட்டின் கடைசி வாக்கியத்தை அப்படித்தான் அடித்தேன்.

தொண்ணூறுகளில் வேறு லேபுகளிலும் வேலை பார்த்தேன். ஆள் நின்றால் ஒருவிதமாகவும், இல்லாவிட்டால் வேறுவிதமாகவும் முடிவு வரும் நிலைமை இன்னும் இரண்டு மூன்று முறை வந்தது. அப்போதெல்லாம், யாரும் பார்க்காதபோது இவர் எதைச் சேர்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. நான் நிற்கும்போது இவர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு முறை அது வெறும் சோம்பல். மற்ற முறைகளில் அந்த ஒன்றுதான் வேலையை நடத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவைக்க, முதலில் என் பேனாவை மூடிப் பையில் வைக்க வேண்டியிருந்தது.